சுதந்திர தேவியும் ஞாயிற்றுக்கிழமைத் துவைப்பும்

நியூயோர்க்,
12.05.2014

அன்புத் தங்கை கௌரிக்கு,

மகளின் தயவில் சுதந்திர தேவி சிலையைப் பார்த்துவிட்டேன். அடிபீடத்தில் வெண்கலப் பலகை ஒன்றில் கவிதை பொறித்திருக்கிறார்கள். நாடுவிட்டு வந்த ஏழைபாழைகளை வா என்று கூப்பிடுகிற கவிதை. மகள் பொருள் சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். சுவிஸுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் நீயும் நானும் ஒரே அடுப்பில் சமைத்ததுதான் நினைவு. தமிழாக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் நீதான் வாசிக்க வேண்டும்.

மூன்று கிழமையாக என் அழைப்பை நீ எடுப்பதில்லை. என்னடி கோபம்?

உன் அக்கா,
புனிதவதி


இன்டர்லாக்கன், சுவிஸ்,
24.05.2014

புனிதவதி அக்காவுக்கு,

கவிதை கிடைத்தது. வாசிக்க மாட்டேன்.

என்ன கோபம் என்று உங்களுக்குத் தெரியாதா? என் குடியுரிமை விண்ணப்பத்தை ஊர்ச்சபை நிராகரித்து ஒரு மாதமாகிறது. விசாரித்த ஐந்து பேர் குழுவில் நீங்கள் ஒருவர்தான் தமிழர். "நீ வேண்டியவள் எண்டபடியால் நான் விலகி நிக்கிறன்" என்றீர்கள். நம்பினேன்.

மூன்றாவது காரணம் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை துவைக்கக் கூடாதென்ற கட்டட விதியை மீறித் துணி துவைத்தேனாம். இருபது வருடத்தில் நான் ஒரேயொரு ஞாயிறுதான் துவைத்தேன். கணவர் காய்ச்சலில் படுக்கையெல்லாம் சத்தி எடுத்துக் கிடந்த அன்று, உங்கள் கட்டடத்தில், பூட்டியிருந்த துவைக்கும் அறையை நீங்கள்தான் திறந்துவிட்டீர்கள். ஆள் வருகிறதா என்று படியில் காவல் நின்றதும் நீங்கள்தான். வேறு யாருக்கு அக்கா அது தெரியும்?

பதினேழு வருடமாக ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். ஒவ்வொரு வருடமும் விசா புதுப்பித்து வரும்வரை நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றம் தீரத்தான் கேட்டேன். சிலை கூப்பிடுகிறதென்று நீங்கள் அங்கே அழுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

ஜெயகௌரி


இன்டர்லாக்கன்,
02.06.2014

கௌரி,

மறைக்கவில்லை. நேர்காணலன்று விலகித்தான் நின்றேன். மறுநாள் தலைவர், நீ விதி மீறிப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். ஒரேயொரு ஞாயிறு துவைத்தாள் என்று பகிடியாகத்தான் சொன்னேன். இல்லையென்று சொன்னால், தன் ஆளுக்கு மூடி மறைக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பாஸ்போர்ட் கிடைத்து ஆறு வருடமாகியும் அந்த மேசையில் நானும் பரீட்சைக்கு இருக்கிறவள்தான். கதவு திறந்துவிட்டது நான் என்று சொல்லவில்லை. அது என் பிழை.

ஆனால் உன்னில் பிழையே இல்லையா? விண்ணப்பத்தில், ஊரில் தெரிந்தவர்கள் பட்டியலில் என் பெயரை முதலில் எழுத உனக்கு யார் சொன்னது? நாலு சுவிஸ்காரரை எழுதியிருந்தால் என்னிடம் கேட்டேயிருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் இருந்தும் இதுகூடத் தெரியாதா?

நான் குழுவிலிருந்து விலகுகிறேன். வீட்டுக்கு வா, கதைப்போம்.

புனிதவதி


11.06.2014

திருமதி புனிதவதி அவர்களுக்கு,

தெரிந்தவர்கள் யாரென்று கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு முதலில் தெரிந்தது உங்களைத்தான். அதனால் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். விண்ணப்பிப்பேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கும் வர வேண்டாம்.

குழுவிலிருந்து மட்டும் விலகிவிடாதீர்கள். அந்த மேசையிலேயே இருங்கள். நான் உள்ளே வரும்போது எழுந்து போகாதீர்கள். இவளைத் தெரியுமா என்று அவர்கள் கேட்பார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ஜெயகௌரி தவராஜா