எந்தத் தலையாட்டல்?

அக்டோபர் 3
மருத்துவமனையில் எனக்கொரு வேலை கிடைத்திருக்கிறது: நோயாளியாக நடிப்பது. செவிலியர்களுக்கு மனநலப் பயிற்சியாம். நான் 'மனைவியை இழந்து மனமொடிந்த முதியவர்'. லத்தீன் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன், மேடை ஏறியதில்லை. என் மனைவி பென்கா போன வசந்தத்தில் இறந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இது நடிப்பாகாது என்று அனுப்பிவிடுவார்களோ?

அக்டோபர் 4
பயிற்சியாளர் ஹென்னிங், டென்மார்க்காரர். நம் பல்கேரிய மொழியைப் புத்தகத்தில் கற்றவர். "நோயாளி பேசும்போது தலையை மேலும் கீழும் ஆட்டுங்கள். கவனித்துக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்" என்றார்.

செவிலியர் ஸ்டோயன்கா எழுந்தாள். "சார், நாங்க பல்கேரியாக்காரங்க. மேலயும் கீழயும் ஆட்டினா எங்களுக்கு 'இல்ல'. பக்கவாட்டுல ஆட்டினாதான் 'ஆமா'. பொண்டாட்டி செத்துட்டான்னு ஒருத்தர் அழும்போது நான் 'இல்ல, இல்ல'ன்னு ஆட்டிக்கிட்டு உக்காரணுமா?"

ஹென்னிங் தீர்ப்புச் சொன்னார். "இந்த அறைக்குள் ஐரோப்பிய முறை. வெளியே உங்கள் முறை."

"அப்ப நாம இருக்கிறது எங்கடி, நிலாவுலயா?" என்று ஸ்டோயன்கா பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

கதவில் அப்படியே அறிவிப்பும் ஒட்டியாயிற்று.

அக்டோபர் 5
காபி வேண்டுமா என்று கேட்டார்கள். பயிற்சி அறையின் வாசற்படியில் நின்றிருந்தேன் – எந்த முறையில் பதில் சொல்வது? காபி கிடைக்கவில்லை.

அக்டோபர் 9
இன்று என் முறை. நடிக்கத் தெரியாததால் உள்ளதையே சொன்னேன். பென்கா போட்டுவைத்த குடைமிளகாய் விழுதில் கடைசி ஜாடி மேசைமேல் இருக்கிறது. திறக்க மனம் வரவில்லை. அதன் எதிரே உட்கார்ந்து வெறும் ரொட்டி தின்கிறேன்.

ஹென்னிங் நிறுத்தினார். "ஜாடி நம்பும்படியாக இல்லை. கொஞ்சம் அழலாமே?"

"வாத்தியார் அழுதாலும் இலக்கணத்தோடதான் அழுவார்" என்றாள் ஸ்டோயன்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அக்டோபர் 11
கடினமான கேள்விகளைக் கேட்கும் பயிற்சி. ஸ்டோயன்கா தாளைப் பார்த்துப் படித்தாள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

என் தலை தானாகவே பக்கவாட்டில் ஆடியது.

அறைக்குள் அதற்கு 'இல்லை' என்று பொருள். "ஆபத்து இல்லை. அருமை!" என்று ஹென்னிங் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் ஏன் திருத்தவில்லை? அத்தனை பேர் கைதட்டிக்கிட்டு இருக்கும்போது எப்படிச் சொல்றது? என்ன மனுஷன் நான்!

அக்டோபர் 12
பயிற்சி முடிந்தது. எனக்கும் ஒரு சான்றிதழ். 'ஒத்துழைப்பு நன்று. நடிப்பில் உணர்ச்சி போதாது.'

அக்டோபர் 14
மழை. அழைப்புமணி. நனைந்த கோட்டோடு ஸ்டோயன்கா.

"வாத்தியாரே, மூணு நாளா மண்டைய கொடையுது. அன்னைக்கு தலைய ஆட்டினீங்களே – அது அந்த ஆளோட 'இல்ல'யா, நம்ம 'ஆமா'வா?"

என் தலை அசையப் பார்த்தது.

"ஐயோ, தலைய விடுங்க! வாயத் தொறந்து சொல்லுங்க."

"நம்ம 'ஆமா'" என்றேன்.

அவள் எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. கோட்டைக் கழற்றாமலே சமையலறைக்குள் போய் உட்கார்ந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"அட, ஜாடி நிஜமாவே இருக்கு!" என்றாள். பிறகு அழுதாள். இலக்கணம் ஏதுமில்லாமல்.

அக்டோபர் 16
ஸ்டோயன்கா என்னை நிஜமான மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அதே கேள்வி. தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாயால் பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. மாத்திரை எழுதினார். வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும்.

அக்டோபர் 18
வியாழன். போய்வந்தேன். வழித்துணைக்கு வந்த ஸ்டோயன்கா வீடுவரை வந்தாள். ஜாடியின் மூடி இறுகியிருந்தது. கத்திப்பிடியால் தட்டித் திறந்தாள். ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம்.

உப்பு கொஞ்சம் தூக்கல். பென்கா எப்போதும் அப்படித்தான் போடுவாள்.