அப்பா வரும்போது குடிக்கும் பால்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நேற்று பல் டாக்டரின் அறையில் இருந்தது நான், உன் அப்பா, உன் மனைவி, அவள் மடியில் உன் மகள் சிட்டு, எதிரே டாக்டரம்மா. கடல் கடந்து வேலைக்குப் போன நீ மட்டும்தான் இல்லை. ஆண்டவன் கிருபையில் சிட்டுவின் பல்லைத் தவிர இங்கே எல்லாம் நலம், உன் நலத்துக்கும் காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு முன்பல் எல்லாம் கறுத்து அரித்துப்போய்விட்டது, கடைவாயில் சீழ். ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு அழுகிறாள், அவள் அழுதால் வீட்டில் யாருக்குத் தூக்கம்? உன் அப்பா எரிந்து விழுகிறார், நான் பதிலுக்கு விழுகிறேன், பிரார்த்தனையில்கூட மனம் நிற்கவில்லை. மருமகளுக்குத் தையல் கம்பெனியில் லீவெல்லாம் தீர்ந்தது, "உன் புள்ளைக்குப் பல்லு முளைக்குதா விழுதா, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணும்மா" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டானாம், வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உன்னிடம் முன்பே சொன்னவள்தான், "பால் பல்லுதானே, தானா விழுந்துட்டுப் போகுது" என்றாயாமே! பெரிய வைத்தியர்தான் போ. அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

டாக்டரம்மா எங்களைக் கேட்டார், தூங்கும்போது பாட்டிலில் பால் கொடுக்கிறீர்களா என்று. மருமகள் என்னைப் பார்த்தாள், நான் உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார். சர்க்கரை டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று கணக்கு எழுதும்போதெல்லாம் கேட்பேன், எறும்பு என்பார். பெரிய எறும்பு! கடைசியில் சிட்டுவே சொன்னாள், "அப்பா போன்ல வர்றப்ப குடிப்பேன்" என்று. உண்மைதானே, நீ கூப்பிடுவதே அவள் தூங்குகிற நேரம், சிணுங்காமல் உன்னைப் பார்க்கட்டும் என்று வாயில் சர்க்கரைப் பால் பாட்டிலைத் திணிக்கிறார் உன் அப்பா, அவள் உன் முகத்தைப் பார்த்தபடியே பாட்டிலோடு தூங்கிப்போகிறாள், பால் ராத்திரி முழுக்கப் பல்லிலேயே தங்குகிறது. உன் பேச்சைக் கேட்கத்தான் இத்தனையும்.

முன்பற்களை எடுக்க வேண்டும், கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், விட்டால் உள்ளே இருக்கும் புதுப் பல்லும் கெடும் என்கிறார் டாக்டரம்மா. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாம். "அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் அத்தை" என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாள் உன் மனைவி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அவள்மேல் பாதி, உன்மேல் பாதி.

இன்னொன்று. "பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை, மறந்துவிட்டாள்" என்று அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டாயாம். மறக்கவில்லையடா. எதிர்வீட்டுப் பையன் "எலி கடிச்ச பல்லு" என்று சொன்னதிலிருந்து, போனில் உன் முகம் தெரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா பார்த்தா திரும்பி வரமாட்டாங்க" என்றாள்.

இனிமேல் உன் வேலை இடைவேளையில் கூப்பிடு, இங்கே அப்போது சாயங்காலம், அவள் விளையாடிக்கொண்டிருப்பாள். பாட்டிலை நான் குப்பையில் போட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஆண்டவனை மறக்காதே, அவர் உன்னைக் காப்பார். உன் மனைவியிடம் சம்மதம் என்று உன் வாயால் சொல், சிட்டுவிடம் பல் எப்படி இருந்தாலும் வருவேன் என்று சொல். எப்போது கூப்பிடுவாய் என்று எனக்குச் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா