மஞ்சள் ஒரு சொட்டு ஜாஸ்தி

ஐப்பசி 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து: 6, 10, 2, 6 மணி. குனியக் கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது. கறுப்புக் கண்ணாடி இன்னும் ஒரு வாரம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் அடுத்த மாதம்.

பெயிண்ட் தூசி ஆகாது, ஷெட் பக்கம் போகாதீங்க என்றாள் இவள். பேங்குக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

டிப்ளமா படித்தவன் என்று அந்த டிங்கரிங் ஷெட்டில் என்னை நம்பி விட்ட வேலை ஒன்றே ஒன்று. அடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தியதும், பழைய பெயிண்டோடு ஒத்துப்போக எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று எழுதிக் கொடுப்பது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தகரத் துண்டில் அதே பெயிண்டை அடித்து, எண் எழுதிச் சுவரில் மாட்டுகிறேன். வருஷக்கணக்காக வரிசை தப்பியதில்லை.

கடைசித் தகரம், கீழ்பென்னாத்தூர் வேனுடையது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் ஆன வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்: நல்ல வெள்ளை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்: மோர்க்குழம்பு.

மூன்று தடவை மாற்றி மாற்றி. சந்தேகமே இல்லை.

தப்பு பெயிண்டர் ஏழுமலையுடையது அல்ல. என்னுடையது.

15, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். போன மாதம் அந்த வேனின் கதவுக்குப் பெயிண்ட் கலக்கும்போதே ஏழுமலை சொன்னான், "சார், மஞ்சள் ஒரு சொட்டு ஜாஸ்தி." இருபது வருஷ பெயிண்டர். "எழுதினபடி போடுப்பா" என்றேன். போடுகிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் வெயிலில் வண்டியைப் பார்த்த வேன்காரர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "வண்டி வெள்ள, கதவு மஞ்சளா? எந்தக் குருடன்யா கலர் பாத்தது?"

முதலாளி தனகோட்டி என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள்.

இதையும் எழுத வேண்டும்: கண்ணில் புரை என்று டாக்டர் அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார்.

இன்று டீக்கடையில் பக்கத்து ஷெட் ஆட்கள் இருவர்.

"மஞ்சக்கண்ணு ஏழுமலைய எங்கியும் சேத்துக்கலியாமே."

"எப்படிச் சேப்பான்? அவனாண்ட பால குடுத்தா மோருன்னுவான்."

சிரித்தார்கள். கூடவே நானும். ஏன் சிரித்தேன்?

16, புதன்

நல்ல மழை. ஏழுமலையைப் பார்க்கக் கிளம்பினேன். குடை எடுத்தேன். செருப்பு போட்டேன். திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். 2 மணி மருந்து மறந்துபோனது.

17, வியாழன்

மழை விட்டது. செங்கம் ரோடு, ஆசிரமம் தாண்டி ஒரு விடுதி. ஏழுமலை அதன் இரும்பு கேட்டுக்குப் பிரஷ்ஷால் பச்சை அடித்துக்கொண்டிருந்தான். கார் கதவில் தூசி விழுந்தால்கூடப் பொறுக்காதவன்.

"இன்னா சார், ஆபரேஷன் ஆயிடுச்சா? வெயில்ல நிக்காதீங்க, இப்பிடி வாங்க."

சொன்னேன். தகரத்தைப் பார்த்தது, மோர்க்குழம்பு, எல்லாம். பிரஷ்ஷை நிறுத்தாமலே கேட்டான்.

"தெரியும் சார். ரெண்டு வருஷமாத் தெரியும். நீங்க எழுதிக் குடுத்தத நான் என்னிக்கு அப்படியே போட்டேன்? ஒரு சொட்டு கொறைப்பேன், ஒரு சொட்டு ஏத்துவேன். அன்னிக்கு நீங்க பக்கத்துலயே நின்னுட்டீங்க."

இரண்டு வருஷம். அந்தத் தகரங்கள் எல்லாம். பொங்கலுக்குத் தனகோட்டி எனக்குப் போட்ட சால்வை.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா உங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாரு. எனக்கு ஒண்ணுன்னா நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னைப் பாத்தீங்க. வாயால சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன் சார். பாத்ததுக்கு இன்னா பதில் சொல்றது?"

பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க" என்று கேட்டின் மறுபக்கம் போய்விட்டான்.

18, வெள்ளி

தனகோட்டியிடம் சொன்னேன். மழையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிய பிறகுதான்.

"சார், மெதுவா. யார் காதுலயாவது வுழப்போவுது. ஷெட்டு பேரு கெட்டுடும். அவனுக்கு வேற வேலை கெடைச்சிடுச்சு இல்ல? வுடுங்க."

தலையாட்டினேன். ஆட்டிய பிறகு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் தாங்கவில்லை.

20, ஞாயிறு

பளிச்சென்று வெயில். கீழ்பென்னாத்தூருக்கு 9.20 பஸ். என்ன பேசுவது என்று நாலு வரி எழுதி எடுத்துப் போனேன்.

வேன் ஸ்டாண்டில் அவரும் இன்னும் நாலைந்து டிரைவர்களும். அந்த வேன் புளியமரத்தடியில். கதவு இரண்டு கண்ணுக்கும் மஞ்சளாகத்தான் தெரிந்தது என்று எழுத ஆசை. இல்லை. இடது கண்ணுக்கு இன்னும் வெள்ளை.

காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். "இன்னா பெரியவரே, முணுமுணுன்றீங்க? சத்தமா சொல்லுங்க" என்றார் வேன்காரர்.

காகிதத்தை மடித்து வைத்தேன். "அந்தக் கலர் பார்த்தது நான்தாங்க. ஏழுமலை வேணாம்னுதான் சொன்னான். கண் தெரியாதது எனக்கு." எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கு வாயில இன்னா வெச்சிருந்தீங்க?"

"பயம்."

ஒருவன் சிரித்தான். வேன்காரர் சிரிக்கவில்லை. ஏழுமலையின் நம்பர் கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்ப்பா, கீழ்பென்னாத்தூர் வேன் பேசறேன். அன்னிக்கு ஜாஸ்தியா பேசிட்டேன். பெரியவரு வந்து எல்லாம் சொன்னாரு. கதவ நீயே வந்து அடிச்சுக் குடுக்கிறியா?"

போனில் ஏழுமலையின் குரல்.

"அடிக்கிறேங்க. கலர நான்தான் பாப்பேன். சார் பக்கத்துல நிக்கக் கூடாது."

டிரைவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "இன்னா பெரியவரே, இப்படிச் சொல்றான்?"

"சரியாத்தான் சொல்றார்" என்றேன்.