சீட் வெட்டாத வண்டி

என் குள்ள அக்காவுக்கு, உன் நெட்டைத் தங்கச்சி ஆசை ஆசையாக எழுதுவது.

முதலில் சந்தோஷச் செய்தி. உன் வண்டியை நான் ஓட்டிவிட்டேன். ஆரியசாலையிலிருந்து ஆக்குளம் வரைக்கும், திரும்ப ஆக்குளத்திலிருந்து நம் கடை வாசல் வரைக்கும். விழவில்லை, யாரையும் இடிக்கவில்லை. ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு பஸ்காரர் ஹார்ன் அடித்தார், நானும் பதிலுக்கு அடித்தேன். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு முதலில் சொல்வேன்?

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. காமாலைதானே, பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி வண்டியை மழையில் நிறுத்தாதே என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாய். அப்புறம் அது அப்பாவின் குடோனில், மிளகாய் வத்தல் மூட்டைக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது.

அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தும்முவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்டால், "வத்தல் நெடி" என்பார். ஆயுசு பூராவும் மொத்த வியாபாரத்தில் வத்தல் விற்ற மனுஷனுக்கு இந்த வருஷம்தான் நெடி ஏற ஆரம்பித்ததாம். நாங்களும் நம்பிவிட்டோம்.

மழைக்காலம் தொடங்கின சமயத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார், "ஏளா, மழை முடிஞ்சதும் அந்த வண்டியக் குடுத்திரப் போறேன். நெய்யாற்றின்கரைல ஒரு பையன் கேக்கான். சும்மா நின்னு துருப்பிடிக்குது. ஓட்டத்தான் ஆளில்லையே." அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். ஓட்ட ஆள் இல்லை என்பதுதானே குறை? அன்று சாயங்காலமே உன் ரைடர் கூட்டத்து ஷைனி சேச்சிக்குப் போன் போட்டேன்.

நர்ஸ் வேலை முடிந்து வந்த கையோடு, தன் பழைய வண்டியில் என்னை ஏற்றி மைதானத்தில் சுற்றவிட்டார் பாவம். எத்தனை தடவை எஞ்சின் அணைந்தது என்று கேட்காதே. ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டேன் அக்கா. நீ சொல்வாயே, "எட்டு போட்டா போதாது கொக்கே, கால் எட்டணும்" என்று. சொன்ன உனக்குத்தான் எட்டவே இல்லை.

அதுதான் எனக்குப் புரியாமலே இருந்தது. கழக்கூட்டம் ஆபீஸுக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் போதும். பைக்தான் வேண்டுமென்றால் உன் உயரத்துக்கு எத்தனையோ இருந்தன. நீ போய் ஒரு ஆனையை வாங்கிக்கொண்டு வந்தாய். சிக்னலில் நின்றால் உன் கால் விரல்கள் தரையைத் தடவிக்கொண்டிருக்கும். அதைச் சமாளிக்க அடி கனத்த ஷூ ஒன்று வாங்கினாய். அம்மா அதற்கு லாடம் என்று பேர் வைத்தாள். வெயில் மழை என்று பார்க்காமல் அந்த லாடத்தைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பாய், நாங்கள் சிரிப்போம்.

ஏன் இந்த வண்டி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாய். அப்பாவிடம் மைலேஜ் என்றாய். அது பெட்ரோல் குடித்த குடியைப் பார்த்து அவரே வாயடைத்துப் போனார். அம்மாவிடம், ஷோரூமில் இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்றாய், என்னவோ கடைசிக் கட்டு முருங்கைக்காய் வாங்கிவந்தவள் கணக்காக. அத்தையிடம் கலர் என்றாய். கறுப்பில் அப்படி என்ன கலரைக் கண்டாய்? என்னிடம் மட்டும் காதைப் பிடித்து இழுத்து, "சத்தத்தக் கேளு, அதுக்குத்தான்" என்றாய். நான் அதைத்தான் இத்தனை நாளும் நிஜம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கூட்டத்தில் நீ நுழைந்த கதையை ஷைனி சேச்சி இப்போதுதான் முழுசாகச் சொன்னார். சின்னதிலிருந்தே திருநெல்வேலியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துவிட்டு நீ இங்கே வேலைக்கு வந்த புதிது. ஆக்குளம் காயல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி நிற்கும்போது, புது ஆள் இந்த வண்டியை ஏன் எடுத்தார் என்று சொல்ல வேண்டுமாம். நீ காஷ்மீர், பனி, மலைப்பாதை என்று அளந்து விட்டிருக்கிறாய். கேட்டுக்கொண்டிருந்த சுனிலேட்டன் "தள்ளு, தள்ளு" என்று கத்தியிருக்கிறார். இங்கே மலையாளப் பசங்கள் பேச்சில் தள்ளு என்றால் பீலா, சுத்தப் புளுகு. திருநெல்வேலிக்காரிக்கு அது எங்கே தெரியும்? "சரி அண்ணே" என்று இறங்கி, அந்த ஆனையை மேட்டில் தள்ள ஆரம்பித்துவிட்டாய்.

யாரும் ஏன் தள்ளுகிறாய் என்று கேட்கவில்லையாம், சிரித்துச் சிரித்து ஒருவருக்கும் பேச்சு வரவில்லையாம். மேட்டு உச்சியில் இருக்கிற டீக்கடை வரைக்கும் தள்ளிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே, "புது ஆளை இப்பிடித்தான் சோதிப்பீங்களா?" என்று கேட்டாயாம். அன்றிலிருந்து அங்கே அதுதான் சட்டம். வண்டி எடுத்த காரணத்தில் பொய் இருந்தால் கூட்டமே தள்ளு என்று கத்தும், சொன்னவர் டீக்கடை வரை வண்டியைத் தள்ள வேண்டும்.

உன் காரியத்துக்கு வந்திருந்த சுனிலேட்டன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுபா பயங்கர தள்ளாயிருந்நு அம்மே" என்று, உன் புளுகையெல்லாம் நினைத்து அழுதார். அம்மாவும் அழுதுகொண்டே, "ஆமா மக்களே, ஓடுற வண்டியாப் பாத்து வாங்குன்னு நான் அப்பமே சொன்னேன்" என்றாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பி உன்னைத்தான் தேடினேன்.

சரி, இன்றைக்கு வருகிறேன். லைசென்ஸைக் காட்டியும் அந்தப் பையனுக்குக் கொடுத்த வாக்கை மாற்றாத அப்பா, காலையில் சாவியை நீட்டினார். "கடைசியா ஒருக்கா ஓட்டிட்டு வா. பதினோரு மணிக்கு அந்தப் பையன் வந்திருவான், கேட்டோ" என்றார். குடோனில் தார்ப்பாயை உதறினோம் பார், லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட அந்தச் சந்தே தும்மியது. அப்பா மட்டும் தும்மவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் பின்னால் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். ஏறினேன். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதிந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து கொக்கு கொக்கு என்று கேலி வாங்கித் தந்த என் கால்கள், அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவற்றின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆக்குளத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் புது ஆள் என்பதால் எனக்குத் தைரியம் வர முதலில் அவர்களே தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். ஷைனி சேச்சி அந்தப் பழைய மாடலை எடுத்ததற்குக் காரணம், அதைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் இரவல் கேட்க மாட்டார்களாம். சுனிலேட்டன் பின் சீட் கல்லாக இருக்கிற வண்டியைத் தேடி எடுத்தாராம். ஒரு தடவை ஏறின அவர் மச்சினன் இரண்டாம் தடவை ஏறக்கூடாது, அதற்குத்தான். இரண்டுக்கும் யாரும் தள்ளு சொல்லவில்லை, அத்தனை நிஜம்.

என் முறை வந்தது. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா ஞாபகமா இந்த வண்டிய எடுத்தேன்." சுனிலேட்டன் மெதுவாக, "தள்ளாணு மோளே" என்றார். "ஞாபகத்துக்கெங்கில் ஒரு போட்டோ போரே? சத்யம் பற." ஞாபகத்துக்கு ஒரு போட்டோ போதாதா, உண்மையைச் சொல் என்கிறார்.

எனக்கு முகம் சுட்டுவிட்டது. கோபம்கூட வந்தது. அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன், "கால் எட்டுது ஏட்டா. நல்லா எட்டுது. அவ்ளோதான்." சொன்னதும் சின்னத்தனமாகப் பட்டது. ஆனால் சுனிலேட்டன் வண்டியை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "அது தன்னே" என்றார். "அவளும் அதுதான் பறஞ்ஞது."

வண்டி வாங்கின மறுவாரம் நீயும் அவரும் கரமனையில் சீட் தைக்கிற கடைக்குப் போனீர்களாமே. ஸ்பாஞ்சை வெட்டி இறக்கிவிட்டால் உனக்குக் கால் எட்டிவிடும். கடைக்காரர் சீட்டைக் கழற்றி, கத்தியைக் கையில் எடுத்தாயிற்று. அப்போது நீ, வெட்டினதைப் பிறகு பழையபடி உயர்த்த முடியுமா என்று கேட்டாயாம். முடியாது என்றிருக்கிறார். "எங்கில் வெட்டண்டா சேட்டா. வீட்டில ஒரு கொக்கு இருக்கா, அவளுக்கு இந்த உயரம்தான் சரி. அவளும் ஓட்டணும்" என்று பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லி, சீட்டைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டாயாம். திரும்பி வருகிற வழியிலேயே சாலைக் கடைத்தெருவில் அந்த லாடத்தை வாங்கினாயாம்.

அக்கா, ஓட்டுகிறாயா என்று நீ என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. கேட்டால் பயந்து ஓடிவிடுவேன் என்று நினைத்தாயா? நானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாயா? அத்தனை வருஷம் விரல் நுனியில் நின்றாயே, கால் வலிக்கவில்லையா?

வரும்போது அழுதுகொண்டேதான் ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் முன் கண்ணாடி ஆவி பிடித்து ஒன்றும் தெரியாது என்று நீ சொல்லித் தரவில்லை. பேட்டையில் ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கடை வாசலில் நெய்யாற்றின்கரைப் பையன் வந்து காத்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் உன் உயரம். சாவியைத் திருப்பி, விளக்கை எரியவிட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், அப்பாவிடம் ஆயிரம் கேள்வி கேட்டான். கடைசியில் ஏறி உட்கார்ந்து கால்களை நீட்டிப் பார்த்தான். "சாரமில்ல அங்கிளே. சீட் வெட்டியா மதி" என்றான், பரவாயில்லை, சீட்டை வெட்டினால் போதும் என்று.

"அந்த சீட்ட வெட்டப்படாது" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அப்பா திரும்பினார். தெருவில் நின்றபடியே கரமனைக் கடை, கத்தி, கொக்கு, லாடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். என் காலைப் பார்த்தார், அப்புறம் சீட்டைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனின் தோளில் கை வைத்து, "மோனே, க்ஷமிக்கணும். வண்டி குடுக்கிறதுக்கில்ல. ஓட்ட ஆள் இருக்கு" என்றார். பையனுக்குக் கோபம்தான். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னோம், குடிக்காமல் போய்விட்டான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. வண்டியை உள்ளே எடுக்கலாம் என்று ஸ்டார்ட் செய்தால் பேச்சு மூச்சில்லை. சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்த பழைய பாட்டரி, அவன் விளக்கை எரியவிட்டதில் படுத்துவிட்டது. நான் இறங்கப் போனேன். "இறங்காத, இரி" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "கியர்ல போட்டு கிளட்ச்சப் பிடி. நான் சொல்லும்போது விடு." இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட நேரமில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. ஆரியசாலைச் சந்தில் நம் அப்பா உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார், அக்கா. லோடு இறக்குகிறவர்கள் ஓரம் ஒதுங்கி "தள்ளு, தள்ளு" என்று கத்துகிறார்கள். அம்மா மாடி ஜன்னலில் நின்று, "நான் அப்பமே சொன்னேன்ல" என்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் கிளட்ச்சை விட மறந்துவிட்டேன், அப்பாவிடம் திட்டு வாங்கின பிறகுதான் விட்டேன்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா நடுத்தெருவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்தார். "வத்தல் நெடி" என்றார். அங்கே வத்தல் கடையே இல்லை, அது பாத்திரக் கடைகளின் வாசல்.

உன் லாடத்தை அம்மா துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். அது எனக்குத் தேவைப்படாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆக்குளத்தில் இதையெல்லாம் சொல்லப் போகிறேன். அப்பா வண்டி தள்ளினார் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், கூட்டமே தள்ளு என்று கத்தும். நான் எதிர்த்துப் பேச மாட்டேன். சரி அண்ணே என்று இறங்கி, நீ தள்ளின அதே மேட்டில், டீக்கடை வரைக்கும் உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். அந்த சீட்டில் ஒருநாளும் கத்தி படாது. இது சத்தியம், தள்ளு இல்லை.

உனக்கும் சேர்த்துத் தரையில் கால் ஊன்றி நிற்கிற
உன் தங்கச்சி கொக்கு