எந்தப் பக்கம்?

மார்ச் 3, செவ்வாய்

நான்கு மாடிக் கட்டடத்தில் பெரிய பிளம்பர்களெல்லாம் கைவிட்ட அடைப்பை ஒற்றைக் கையால் எடுத்தேன். இன்ஜினியர் வாயடைத்துப் போனார். (போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் பார்வை அதைத்தான் சொன்னது.)

மாலையில் தம்பி மகள் வந்தாள். கழுத்தில் வலது பக்கம் தைராய்டு கட்டி, ஆபரேஷனாம். "பயப்படாதே, டாக்டருங்க எல்லாம் நம்ம கைக்குள்ள" என்றேன்.

"நீங்க கூட வாங்க பெரியப்பா, அது போதும். டாக்டரைக் கைக்குள்ள வெச்சா அவங்க எப்படி ஆபரேஷன் பண்ணுவாங்க?"

வாய் அப்படியே அவள் அப்பன்.

அவனுக்கும் இதே கட்டி. இதே பக்கம்.

மார்ச் 5

வாஷ்பேசின் குழாயைத் திறந்தால் தம்பியின் குரல். "அண்ணே, தண்ணி." பல வருஷத்துக்கு முன், அவன் ஆபரேஷன் முடிந்த மறுநாள் கேட்டான். ஒரு வாய் கொடுத்தார்கள். கழுத்துக் கட்டு நனைந்தது. உணவுக்குழாயில் கத்தி பட்டிருக்கிறது. அந்த வாரமே போய்விட்டான்.

அவன் மனைவி மயங்கிக் கிடந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார் — குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று. எங்கே இருந்தது என்றும் சொன்னார்.

எங்கே?

மார்ச் 6, வெள்ளி

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதி இருக்கும். பெண்ணின் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அப்பாவுக்கு ரெண்டு உணவுக்குழாய், டாக்டர்" என்றாள் பெண். "வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வந்து பாத்தாங்களாம். பெரியப்பாதான் கூட இருந்தாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொதுவா அது மூச்சுக்குழாய்க்குப் பின்னால, கொஞ்சம் இடது பக்கமா இருக்கும். சில பேருக்கு வலது பக்கம் தள்ளி இருக்கும். உங்க தம்பிக்கு எந்தப் பக்கம்னு சொன்னாங்க?"

டீக்கடையில் வலது என்றிருக்கிறேன். கல்யாண வீட்டில் இடது என்றிருக்கிறேன். ரெண்டு குழாய்க் கதை இவள் சின்னவளாக இருந்தபோது கட்டியது. 'எங்கப்பா அதிசயப் பிறவி' என்று கொஞ்ச நாள் அழாமல் இருந்தாள். சொல்லிச் சொல்லி டாக்டர் சொன்னது எது, நான் சேர்த்தது எது... அந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை, போய்க் கேட்பதற்கு.

வலது என்று அடித்துச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். அடக்கிக்கொண்டேன்.

"தெரியாதும்மா. ரெண்டு குழாய்ங்கறது நான் விட்ட கதை. மத்ததும் நம்ப வேணாம். சுவத்தைத் தட்டிப் பாக்காம துளை போடாதீங்க. அவ்வளவுதான்."

பெண் என்னைப் பார்க்கவே இல்லை.

"குடும்பத்துல வரும்னு சொல்ல முடியாது. இருந்தாலும் ஸ்கேன்ல பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. "நீங்களும் வாங்க, உங்க கழுத்தையும் பாத்துடலாம். அண்ணன்தானே."

மார்ச் 7

அவள் போன் எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஸ்கேனுக்குக் கழுத்தில் பசை தடவி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்கிறார்கள். திரையில் அந்தத் தண்ணீர் மினுக்கென்று ஓடுகிறது. அவளுக்கு எல்லோரையும் போல இடது பக்கம். இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நான் படுத்தேன். விழுங்கினேன். டாக்டரம்மா கருவியை இடம் மாற்றினார். "இன்னொரு வாய்" என்றார். மறுபடி.

வலது பக்கம்.

"தம்பிக்கும் இப்படித்தானா?" என்றேன்.

"சொல்ல முடியாதுங்க."

மார்ச் 14, சனி

ஆபரேஷன் முடிந்தது. நான் வராண்டாவில். யார் குழாயைத் திறந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 15

டம்ளரை நான்தான் பிடித்தேன். ஒரு வாய் குடித்தாள். கழுத்துக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நனையவில்லை. இன்னொரு வாய். நனையவில்லை.

"என்ன பெரியப்பா, லீக் இருக்கான்னு பாக்கறீங்களா?" என்றாள், கரகரத்த குரலில். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னோடு பேசுகிறாள்.

மார்ச் 20, வெள்ளி

டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். "என்னய்யா, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திருக்கே, ஒரு கதையும் அவிழ்த்து விடலியா?"

"பொண்ணு நல்லா இருக்கா" என்றேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான் கடைக்காரன்.

என் ஆயுளில் முதல் தடவையாகச் சொல்வதற்கு ஒரு நிஜ அதிசயம் கையில் இருக்கிறது. கழுத்திலேயே இருக்கிறது. எவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் இடம் மாறிவிடும்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். "அண்ணே, தண்ணி."

கழுத்தில் வலது பக்கம் விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன்.