நௌபர் சேருக்குச் சொன்ன கதை

ஜூலை 1, 2024
ஓர்ஸ் ஹில்லில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க உதவும் நிலையம். பிள்ளைகளுக்கு ஆங்கில நேர்முகப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அனுமதி ஆலோசகர் நௌபர் சேர் பிள்ளை பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறார். அப்படிக் கேட்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஜூலை 11
எல்லாப் பிள்ளைகளிடமும் சேர் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறார்: "வீட்டில ஏதாவது துக்கம் நடந்ததா?" அழுகை வருமுன்பே கண் துடைக்கும் ரிஷூப் பெட்டியைத் தள்ளி வைக்கிறார். கரிசனையாக்கும்.

ஜூலை 23
மின்சாரம் இல்லை, பிள்ளைகளும் வரவில்லை. நௌபர் சேரே தேநீர் ஊற்றித் தந்தார். என் வீட்டைப் பற்றிக் கேட்டார். தம்பி இஹ்ஸானைப் பற்றிச் சொன்னேன். கடலுக்குப் போனவன் வெருகல் பக்கம் உடலாகக் கரையொதுங்கியது, முகம் அடையாளம் தெரியாமல் போனது, பெருநாளைக்கு நான் விளையாட்டாக அவன் சின்ன விரலில் வைத்துவிட்ட மருதோன்றியைக் கண்டு உம்மா "இவன்தான்" என்றது. யாரிடமும் சொல்லாதவை. அவர் கண் கலங்கிவிட்டது. மனம் லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 8
இன்று பிரசாந்தினிக்குப் பயிற்சி. கிளிவெட்டிப் பிள்ளை. "உன்னைப் பற்றிச் சொல்" என்றேன். தெளிவான ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்: தம்பி கடலில் மூழ்கினான், சின்ன விரல் மருதோன்றியை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டோம் என்று.

"உனக்குத் தம்பி இருந்தானா?"

"இல்ல மிஸ், நான் ஒரே பிள்ளை. சேர்தான் பாடமாக்கச் சொன்னவர்." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "ஏன் மிஸ், பிழையா சொல்லிட்டனா?"

என் தம்பியடி அது! சொல்லியும்விட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9
நௌபரிடம் நேரே கேட்டேன். அந்த ஆள் கூசவே இல்லை.

"மிஸ், சும்மா கிடந்த கதைதானே. ஒரு ஏழைப் பிள்ளைக்கு இடம் கிடைச்சா உங்கட தம்பிக்கும் நன்மைதானே."

சும்மா கிடந்ததா? உம்மாவின் நெஞ்சுக்குள் கிடந்தது சும்மா கிடந்ததா? அன்றைக்குக் கலங்கிய கண் எதற்கு? என்ன மனுசன் இவன்! சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரிஷூப் பெட்டியை என் பக்கம் தள்ளினான். அதைத் தட்டிவிட்டு இறங்கி வந்தேன். இனி அந்தப் படி ஏறமாட்டேன்.

ஆகஸ்ட் 10
அவன் தந்த தேநீரை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது.

ஆகஸ்ட் 17
பிரசாந்தினி போன் எடுத்தாள். "அந்தக் கதை சொல்ல எனக்கு ஏலாது மிஸ். ஆனா வேற என்னத்தச் சொல்லுறது? எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

நடக்காதது ஒரு குறையா, பிள்ளை? என்னவெல்லாம் பழக்கிவிட்டான் இவர்களை.

ஒக்டோபர் 2
அந்தக் கதையைச் சொல்லாமல் நேர்முகத்துக்குப் போன பிரசாந்தினிக்கு இடம் கிடைக்கவில்லை. தாய் போனில் பேசினார்: "உங்கட ரோசத்துக்கு என்ர பிள்ளையின்ர படிப்புத்தான் கிடைச்சதா?"

நௌபர் அனுப்பியவர்களில் ஏழெட்டுப் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். அவர்களில் எத்தனை பேர் வாயில் என் தம்பி செத்தான்?

ஒக்டோபர் 3
உம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜனவரி 18, 2025
வீட்டிலேயே ஆங்கில வகுப்புத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. நான்கே பிள்ளைகள். இன்று காலை வாசல் கேற்றடியில் பிரசாந்தினி. தாயும் கூட வந்திருந்தார், என் முகத்தைப் பார்க்காமல். வேறொரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம், விவசாயம் படிக்க.

"சரி, உன்னைப் பற்றிச் சொல்."

நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் தொடங்கினாள்: "என் அப்பா கிளிவெட்டியில் வயல் செய்கிறார். எங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லை." நிறுத்தினாள். "இப்பிடித் தொடங்கலாமா மிஸ்?"

"ஓம், தொடங்கலாம். அதுக்குப் பிறகு?"

அவள் யோசித்துக்கொண்டிருக்க, தாய் தமிழில் முந்திக்கொண்டார்: "யானை வயலுக்க இறங்கினா வெடி கொளுத்துறது இவள்தான் மிஸ். இவளின்ர தேப்பன் பயத்தில காவல் பரணை விட்டு இறங்கவே மாட்டார்."

"அம்மா!" என்றாள் பிரசாந்தினி.