ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு பள்ளிகள்

9-8-1969, சனி

பழவேற்காட்டுக் குப்பத்தில் அந்த இரட்டைப் பெண்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேசம்மா மீஞ்சூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள்; சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள். கன்னியம்மா குப்பத்துப் பள்ளியிலேயே படிக்கிறாள். பிள்ளைகள் தேறுவதில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு என்று அளக்கும் என் எம்.எட். ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருவருக்கும் ஒரே கணக்குத் தாளைக் கொடுத்தேன். தேசம்மா சட்டென்று முடித்துவிட்டாள். கன்னியம்மா பாதியிலேயே பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான் மக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு. நீயும் மீஞ்சூர்ல படிச்சிருந்தா உனக்கும் வந்திருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மீன் அரிந்துகொண்டிருந்த அந்தம்மாவின் கை நின்றுவிட்டது.

"ஒரு புள்ளையத்தான் வச்சிக்க முடியும்னு எங்கண்ணன் சொல்ட்டாரும்மா. நான் இன்னா பண்றது?" என்று என்னிடம் சொன்னாள். மகளைப் பார்க்கவில்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிட தேசம்மா மட்டும்தான் வந்தாள். பஸ் தெரிந்ததும் கேட்டாள்: "நாளைக்கி கன்னியம்மாவ வுட்டுட்டு நான் எப்டி டீச்சர் மீஞ்சூருக்குப் போறது?"